துடைத்தே தேயும் துப்பாக்கி

துப்பாக்கி எதனால் தேய்கிறது? சுடுவதால் தேய்கிறது என்றுதான் யாரும் சட்டென்று பதில் சொல்வார்கள். ஆயுதக் கிடங்கிலேயே காலத்தைக் கழித்த ஓர் ஆர்மரரிடம் இதே கேள்வியைப் போட்டால் அவர் இலேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். முதலில் துப்பாக்கியின் வாயைப் பார், பிறகு பேசு என்பார்.

மதுரைச் சீமையின் பழைய கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில், ராட்டினம் இல்லாத கிணறாக இருந்தால் விளிம்புக் கல்லில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். கல்லோ கருங்கல், கயிறோ வெறும் தேங்காய் நார். கல்லைக் கயிறு அறுக்குமா? அறுத்திருக்கிறது! தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஒரே இடத்தில் கயிற்றைப் போட்டு இழுத்ததன் அடையாளம் அது. ரைபிளின் எஃகுக் குழலிலும் இதே கதைதான் நடக்கிறது. அங்கே கயிற்றுக்குப் பெயர் 'புல்த்ரூ'.

வாரம் ஒரு துடைப்பு

மதுரையில் ரைபிள் இருக்கும் இடங்கள் ஒன்றிரண்டல்ல. போலீஸ் ஆயுதப்படை இருக்கிறது, தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் ஆறாவது பட்டாலியன் இருக்கிறது, மத்திய சிறைச்சாலைக் காவல் இருக்கிறது, கல்லூரிகளில் என்.சி.சி. மாணவர் படை இருக்கிறது. போலீசார் தங்கள் ஆயுத அறையை 'பெல் ஆப் ஆர்ம்ஸ்' என்று வெள்ளைக்காரன் காலத்துப் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். சங்கிலி கோத்து வரிசையாக நிறுத்திய துப்பாக்கிகளை வெளியே எடுத்து, விரிப்பின்மேல் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து மீண்டும் அடுக்குவது அங்கெல்லாம் வழக்கமான வேலை. சுட்டாலும் சரி, சுடாவிட்டாலும் சரி, துடைப்பு மட்டும் தவறாது.

நீண்ட காலம் இந்த அறைகளை ஆண்டது '.303' எனப்படும் லீ-என்பீல்டு ரைபிள். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் இதன் போல்ட்டையும் பத்துத் தோட்டாப் பெட்டியையும் அமைத்தவர். என்பீல்டு என்பது லண்டனுக்கு அருகில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். 1907-இல் உருவான மாதிரி இரண்டு உலகப் போர்களிலும் உழைத்தது. கல்கத்தாவுக்கு அருகில் ஹூக்ளிக் கரையில் 1904-இல் ஏற்பட்ட இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையிலும் இது செய்யப்பட்டது. இராணுவம் கைவிட்ட பிறகும் போலீசார் இதை விடவில்லை. உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்குப் பிரியாவிடை கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம்! தமிழ்நாட்டுப் போலீசிலும் எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே. வகைகள் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் தேய்மானத்தைப் படிக்கும் வித்தையை ஆர்மரர்கள் கற்றுக்கொண்டது இந்தக் கிழட்டு ரைபிளிடம்தான்.

குழலின் உட்சுவர் வழவழப்பாக இருப்பதல்ல. போல்ட் ஆணியின் மரையைப் போல ஐந்து பள்ளங்கள் இடப்புறமாகச் சுற்றிக்கொண்டு ஓடும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. இந்த மரை குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. விநாடிக்கு 2,440 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு, விநாடிக்கு ஏறக்குறைய 2,900 சுற்றுச் சுற்றுகிறது. பம்பரம் சுற்றும் வரைதானே நிமிர்ந்து நிற்கும்? குண்டும் அப்படித்தான். இவ்வளவு வேலையையும் செய்யும் பள்ளத்தின் ஆழம் என்ன தெரியுமா? ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் ஆறரைப் பங்கு. இரண்டு தலைமுடிக் கனம்! தேய்ந்துபோக எவ்வளவு நேரமாகும்?

ஆறு மணிப் பள்ளம்

புல்த்ரூ என்பது ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு. துப்பாக்கிக் கட்டையின் பின்புறத்தில் உள்ள சிறு பொந்தில், எண்ணெய்ச் சீசாவோடு அது சுருண்டு கிடக்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகக் குண்டை உள்ளே விட்டால் குழல்வாய் வழியாக வெளியே தொங்கும். கயிற்றின் வளையத்தில் நாலங்குலத்துக்கு இரண்டங்குலம் பிளானல் துணியைச் செருகி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பட்டாளத்திலும் மாணவர் படையிலும் இந்தத் துணிக்குச் 'சிந்தி' என்று இந்திப் பெயர். எண்ணெய் பூசுவதற்கான சிந்தி அரை அங்குலம் ஒடுக்கம்.

இழுக்கும்போது கயிறு குழலின் நடுவே நேராக வர வேண்டும். அதுதான் சட்டம். இழுப்பவர் கை என்ன செய்யும்? துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, தம் வசதிக்குக் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இழுக்கும். கயிறு குழல்வாயின் ஒரே ஓரத்தில் உராயும். வெறும் பருத்திக் கயிறு எஃகை ஒன்றும் செய்துவிடாது. அதில் ஒட்டியிருக்கும் மண்தான் செய்யும். மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் தூசியிலும் வைகை மணலிலும் இருக்கும் படிகக்கல் துகள் எஃகைவிடக் கடினமானது. விரிப்பில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்து எழும் கயிறு மெல்லிய அரமாகவே மாறிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் வேடிக்கை புரியும். வாரத்துக்கு ஒரு துடைப்பு, துடைப்புக்கு நாலு இழுப்பு என்றால் ஆண்டுக்கு 208 இழுப்பு. இருபது ஆண்டில் 4,160. ஆண்டுப் பயிற்சியில் அந்தத் துப்பாக்கி சுடுவதோ சில பத்துத் தோட்டாக்கள். சுட்டதைப்போல் பல மடங்கு இழுத்திருக்கிறார்கள்! குண்டு ஒவ்வொரு முறையும் சுற்றிலும் சமமாக உரசிப் போகிறது; கயிறோ ஒரே இடத்தை அறுக்கிறது.

எனவே ஆர்மரர் முதலில் பார்ப்பது தேய்மானம் எந்த முனையில் தொடங்கியிருக்கிறது என்பதை. சுட்டுத் தேய்ந்த குழல் தோட்டா உட்காரும் பின்முனையில்தான் முதலில் கெடும். அங்கேதான் மருந்து எரியும் சூடும் அழுத்தமும் அதிகம். நீலகிரியில் அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்த 'கார்டைட்' மருந்து இந்த விஷயத்தில் பொல்லாதது. ஆரம்பத்தில் அதில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம் இருந்தது. குழல்கள் சீக்கிரம் அரித்துப் போகவே 30 சதவீதமாகக் குறைத்தார்கள். இந்த அரிப்பு சாம்பல் நிறத்தில், சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். அது வயதான மனிதருக்கு நரை விழுவது போல. யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பின்முனை நன்றாக இருந்து, முன்முனை மட்டும் தேய்ந்திருந்தால் அது கயிற்றின் வேலை. போல்ட் கழற்றிய இடத்தில் வெள்ளைக் காகிதத்தையோ கட்டைவிரல் நகத்தையோ வைத்து வெளிச்சத்தை உள்ளே திருப்பி, வாய்ப்பக்கமாகப் பார்த்தால் தெரியும். வட்டமாக இருக்க வேண்டிய வாய் முட்டை வடிவமாகிவிட்டிருக்கும். கடிகார முகமாக வைத்துக்கொண்டால், பெரும்பாலும் ஆறு மணி இருக்கும் இடத்தில் மரையின் மேடு மழுங்கியிருக்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை அளக்கும் எஃகு அளவுகோல் குச்சிகள் இருக்கின்றன.

குண்டு குழலைத் தாண்டும் கடைசிக் கணத்தில் அதன் பின்னால் வரும் வாயு சுற்றிலும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும். ஓரிடத்தில் பள்ளம் இருந்தால் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு பீறிடும். குண்டின் வால் அசையும். பம்பரம் தள்ளாடும். இலக்குப் பலகையில் குண்டுகள் சிதறி விழும். குறிபார்த்த போலீஸ்காரர் மூச்சை அடக்கி ஒழுங்காகத்தான் சுட்டிருப்பார். ஆனால் மதிப்பெண் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரேதான் குறைவு ஏறும். துப்பாக்கியின் வாயை யாரும் பார்க்காவிட்டால் பழி அவருடன் ஓய்வு பெறும் வரை போகும்.

மாறிப்போன போல்ட்

குழலுக்கு அடுத்தது போல்ட். தோட்டாவை உள்ளே தள்ளி, பின்னால் கதவைச் சாத்தித் தாழ் போடுவது இதுதான். லீ-என்பீல்டில் இந்தத் தாழ் போல்ட்டின் பின்பகுதியில் இருக்கிறது. இடப்புறம் காது போன்ற ஒரு குட்டை எஃகுத் துண்டு. வலப்புறம் நீண்ட விலாப் பட்டை. வெடிக்கும்போது பின்னோக்கி வரும் உதையை இரண்டும் சேர்ந்து தாங்க வேண்டும். மாட்டு வண்டி நுகத்தை இரண்டு மாடும் தாங்குவது போல.

இரண்டும் ஒரே சமயத்தில் உடலில் பதியும்படி தொழிற்சாலையில் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே போல்ட்டைப் பொருத்தி, துப்பாக்கியின் எண்ணைப் போல்ட்டின் கைப்பிடியிலும் பொறிப்பார்கள். ஆகவே ஒன்றின் போல்ட் மற்றொன்றில் நுழையும், சாத்தும், சுடக்கூடச் செய்யும். ஆனால் பொருந்தாது.

இது மாறுவது எப்படி? அதுவும் துடைக்கும்போதுதான்! இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து, இருபது போல்ட்டுகளையும் கழற்றி ஒரே விரிப்பில் போட்டு, மண்ணெண்ணெய்த் தட்டில் அலசி எடுத்தால் யாருடையது யாருக்குப் போகும் என்று சொல்ல முடியுமா? கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மாறுகிற கதைதான்.

பல மாதம் கழித்து ஆர்மரர் அதைக் கண்டுபிடிப்பார். போல்ட்டைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு பக்கத்துத் தாங்கி மட்டும் கண்ணாடி போல மினுங்கும். மறுபக்கம் கறுப்பு மெருகு கலையாமல் அப்படியே இருக்கும். உடனே கைப்பிடி எண்ணைப் பார்ப்பார்.

"ஏப்பா, இது யார் போல்ட்டு?"

"நம்ம துப்பாக்கியோடதுதாங்கய்யா."

"அப்போ நம்பர் ஏன் வேற சொல்லுது?"

இதற்குமேல் பதில் வராது.

இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 64 பங்கு முதல் 74 பங்குக்குள் இருக்க வேண்டும். 74 அளவுள்ள சோதனை வில்லையை வைத்துப் போல்ட்டைச் சாத்தினால் சாத்தக் கூடாது. சாத்திவிட்டால் துப்பாக்கி தோல்வி. இடைவெளி கூடிய துப்பாக்கியில் பித்தளைத் தோட்டா பின்னோக்கி இழுபட்டு விளிம்புக்குச் சற்று மேலே அறுந்துவிடும். அறுந்தால் சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரும். நல்ல வேளையாகத் தோட்டா முன்கூட்டியே எச்சரிக்கிறது. சுட்ட காலித் தோட்டாவில் அந்த இடத்தில் மெல்லிய மினுக்கு வளையம் தெரியும். காலித் தோட்டாக்களை எண்ணி வாங்கிக் கணக்குச் சேர்ப்பதோடு நிறுத்தாமல் அவற்றைத் திருப்பிப் பார்க்கும் ஆர்மரர் ஒரு கண்ணையாவது காப்பாற்றிவிடுகிறார்.

எண்ணெய் போதும், குளிப்பாட்டாதே!

தேய்மானத்துக்கு மருந்து எண்ணெய். அதையே அளவுக்கு மீறிப் பூசினால் அதுவும் நோய். தோட்டா அறையில் எண்ணெய் மிதந்தால், வெடிக்கும்போது விரியும் பித்தளை சுவரைக் கவ்விப் பிடிக்க முடியாமல் வழுக்கிப் பின்னால் வரும். உதை முழுவதும் போல்ட்டின் மேல் விழும். லீ-என்பீல்டைத் தொழிற்சாலையில் சோதிக்கும்போது எண்ணெய் தடவிய தோட்டாவையும் வேண்டுமென்றே சுட்டுப் பார்ப்பார்கள். அதன் அபாயம் அவ்வளவு தெரிந்த விஷயம். ஆகவே சுடுவதற்கு முன் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும் என்பது விதி.

மதுரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். திருவிழாக் கூட்டத்தின் காலடியில் கிளம்பும் தூசி ஊரையே மூடும். எண்ணெய் வழியும் போல்ட்டில் அந்தத் தூசி ஒட்டினால் மோட்டார்ப் பட்டறையில் வால்வு தேய்க்கும் பசையைப் போன்ற ஒன்று உண்டாகும். ஒவ்வொரு தரம் போல்ட்டை இழுத்துச் சாத்தும்போதும் அது தேய்த்துக்கொண்டே இருக்கும். அப்படிக் கெட்ட போல்ட்டில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் கோடு கோடாக ஓடும். கீறல் இருந்தால் தூசி. மினுக்கு மட்டும் இருந்தால் உராய்வு. சொறி சொறியாகப் புள்ளி இருந்தால் துரு. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போல இதில் பழகிய விரல் இருட்டிலும் சொல்லிவிடும்.

துருவின் கதையில் ஒரு ரசாயன வேடிக்கை இருக்கிறது. பழைய .303 தோட்டாவின் கேப்பில் இருந்த போட்டாசியம் குளோரேட் வெடித்ததும் போட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படியும். இது நம் வீட்டுச் சமையல் உப்புக்கு அண்ணன் தம்பி. ஐப்பசி மழையில் உப்புச் சாடி கசிவதைப் போல இதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. துடைத்து எண்ணெய் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினால் மூன்றாம் நாள் குழலுக்குள் சிவப்புப் பூத்திருக்கும். அதனால்தான் சுட்ட அன்றே கொதிக்கும் நீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றுவார்கள். உப்பு கரைந்து ஓடும். சூடேறிய குழல் தானே உலர்ந்தும் விடும். எஃகுக்குத் தண்ணீர் பகை என்று நினைத்து இதைத் தவிர்த்தவர்கள் கெடுத்த குழல்களுக்குக் கணக்கில்லை.

ஆயுத பூசையையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பளபளவென்று துடைத்து வைத்த துப்பாக்கிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். பக்தி நியாயமானதே. ஆனால் சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. பூசையை அடுத்து வருவதோ மழைக்காலம். விஜயதசமியன்று முதல் வேலையாகப் பொட்டை அழிக்கச் சொல்லும் ஆர்மரரை நாத்திகர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது!

குழலுக்குள் ஒரு வளையம்

சில குழல்களைப் பார்த்தால் நடுவில் கறுப்பு மோதிரம் போட்டது போல ஒரு நிழல் வளையம் தெரியும். வெளியே விரலை ஓட்டினால் அந்த இடத்தில் கொஞ்சம் புடைத்திருக்கும். இது தேய்மானமே அல்ல; வீக்கம். குழலை ஏதோ அடைத்துக்கொண்டிருக்கும்போது யாரோ சுட்டிருக்கிறார்கள். அடைத்தது மண்ணாக இருக்கலாம். பல சமயம் அது அறுந்துபோன சிந்தியாக இருக்கும். மீண்டும் துடைப்புத்தான்! கனத்த துணியைச் செருகி, பாதியில் சிக்கி, கயிறு அறுந்து, பயத்தில் யாரிடமும் சொல்லாமல் துப்பாக்கியை அப்படியே சங்கிலியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார் ஒரு புது ஆள். இதற்காகவே கயிற்றில் திருப்பி இழுக்கத் தனி வளையம் வைத்திருக்கிறார்கள். ஆயினும் சொல்லப் பயந்தவரைத் திட்டுவதைவிட, சொன்னால் திட்டாமல் இருப்பதுதான் குழலைக் காப்பாற்றும் வழி.

அதிகாரி பார்வையிட வரும் நாள் வேறொரு ஆபத்து. குழலுக்குள் முகம் தெரிய வேண்டும் என்ற ஆசையில் உப்புத்தாள், செங்கல் பொடி, பித்தளைப் பாலிஷ் எல்லாம் உள்ளே போகும். பளபளப்பு வரும், மரையின் கூர் விளிம்பு போய்விடும். அனுபவமில்லாத அதிகாரி 'பேஷ்' என்பார். ஆர்மரர் அருகில் நின்று பல்லைக் கடிப்பார். மங்கலாக இருந்தாலும் விளிம்பு கூராக உள்ள குழல்தான் நேராகச் சுடும்.

இதில் சட்டமும் கலந்திருக்கிறது. குழலின் நுண்ணிய கீறல்கள் ஒவ்வொரு குண்டின் மேலும் பதிகின்றன. 1920-களில் நியூயார்க்கில் கால்வின் காடார்டும் அவர் கூட்டாளிகளும் இரு குண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் நுண்ணோக்கியைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, எந்தத் துப்பாக்கி சுட்டது என்பது கோர்ட்டில் கேட்கும் கேள்வியாகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர் அந்தக் கையெழுத்தையே அழிக்கிறார். போலீஸ் துப்பாக்கியில் இது சிறு பிழை ஆகாது.

மாணவர் கையில்

என்.சி.சி. மாணவர்களின் சின்ன .22 ரைபிளில் வேறு நோய். துடைத்து முடித்ததும் போல்ட்டைச் சாத்தி, விசையை ஒருமுறை இழுத்து ஸ்பிரிங்கைத் தளர்த்துவது பயிற்சி. .303-இல் அதனால் கேடில்லை. ஊசி தோட்டாவின் நடுவில் அடிப்பது. .22 தோட்டாவையோ விளிம்பில் அடிக்க வேண்டும். தோட்டா இல்லாதபோது, ஊசி சற்று நீண்டிருந்தால் அது குழலின் விளிம்பையே கொத்தும். ஓராண்டில் எத்தனை மாணவர்கள், எத்தனை கொத்து! அந்த இடத்தில் சிறு பிசிறு எழுந்து, தோட்டா உள்ளே போக மறுக்கும். போனால் வர மறுக்கும். மாணவர் தோட்டாவைக் குறை சொல்வார். ஆர்மரர் விரல் நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊசியைக் கழற்றச் சொல்வார்.

கல்லூரி மைதானங்களில் அணிவகுப்புக்கு மட்டும் பயன்படும் துப்பாக்கிகளில் 'டி.பி.' என்ற இரண்டெழுத்துப் பொறித்திருப்பதைக் காணலாம். இனிச் சுடக் கூடாது, டிரில்லுக்கு மட்டும் என்பது அதன் பொருள். தவறிக்கூடச் சுட முடியாதபடி குழலில் துளை போட்டு, ஊசியையும் பயனற்றதாக்கிவிடுவார்கள். போர்க்களத்தையே பார்க்காமல் இந்த நிலைக்கு வந்தவையும் அவற்றில் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றின் குழல்வாயில் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தால், ஆறு மணி இருக்கும் இடத்தில் நகம் இடறும்.